உறையைக் குறை சொல்லும் முன்: கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்கில் இடமும் சாய்வும் சரிசெய்யும் வழி

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்குக்கு (பழைய அமெரிக்க மேற்கின் உடையும் துப்பாக்கிகளுமாக, ஆளுக்கு இரண்டு ரிவால்வரோடு நேரம் வைத்துச் சுடும் போட்டி) வந்த முதல் வருடத்தில் நான் மூன்று ஜோடி ரிவால்வர் உறை (ஹோல்ஸ்டர்) வாங்கினேன். முதல் ஜோடியில் ரிவால்வரை உருவும்போது உறையும் கூடவே எழும்பியது. இரண்டாவதில் முழங்கை தோள் உயரத்துக்குப் போனால்தான் குழல் வெளியே வந்தது. மூன்றாவதிலும் இரண்டு தொல்லையும் விடவில்லை. எங்கள் கிளப்பில் ரொம்ப காலமாகச் சுடும் ஒருவரிடம் காட்டினேன். அவர் உறையைத் தொடவே இல்லை. பெல்ட்டுக்குள் இரண்டு விரலை விட்டு மேலே இழுத்தார். பெல்ட் நாலு விரல்கடை உயரம் தாராளமாக ஏறி வந்தது. இதை முதலில் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். பெல்ட்டை ஏற்றி, இரண்டு துளை இறுக்கிக் கட்டியதும் முதல் ஜோடியே போதும் என்று ஆகிவிட்டது.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரே வரிசையில்தான் போவேன். முதலில் பெல்ட்டின் உயரமும் இறுக்கமும். அடுத்து பெல்ட்டில் உறை உட்காரும் இடம். அதற்கு அப்புறம் சாய்வு, அதாவது உறை செங்குத்திலிருந்து எவ்வளவு சரிந்து நிற்கிறது என்பது. உறையையே மாற்றுவது கடைசி. சாய்வு சரியில்லை என்று சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு முதல் இரண்டில்தான் இருப்பதைப் பார்க்கிறேன். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

தொடங்கும் முன்: காலித் துப்பாக்கி, ஒரு நூல், ஒரு செல்போன்

இந்தச் சோதனைகள் எல்லாம் வீட்டில் செய்பவை. சிலிண்டரைச் சுற்றி ஆறு துளையையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டில் இருக்கட்டும். யாரும் இல்லாத பக்கம், குண்டு துளைக்காத சுவரைப் பார்த்து நில்லுங்கள். சோதனையின் நடுவில் எழுந்து போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் ஆறு துளையையும் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

அடுத்து விதி. 1987இல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிகளைத்தான் அமெரிக்காவின் பெரும்பாலான கிளப்புகள் பின்பற்றுகின்றன. உறையைப் பொறுத்தவரை மூன்று விஷயம் தெரிந்தால் போதும். இரண்டு உறைகளும் தொப்புளுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும், நடுவே இரண்டு கைமுட்டி அகலமாவது இடைவெளி வேண்டும். அணிந்த நிலையில் உறை செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. குழல்முனை எப்போதும் இலக்கின் திசையில், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 85 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் களத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் 170 டிகிரி விதி.

30 டிகிரியை எப்படி அளப்பது? செல்போன் செயலி வேண்டியதில்லை. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி, ஒரு நூலின் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். உறையின் நடுக்கோடு பெல்ட்டின் மேல் விளிம்பைத் தொடும் இடத்தில் நூலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். அந்த இடத்திலிருந்து உறையின் அடிமுனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 26 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையின் அடிமுனை நூலைவிட்டு 13 செ.மீ. தள்ளி நின்றால் சாய்வு சரியாக 30 டிகிரி. நீளத்தில் பாதி, அவ்வளவுதான் கணக்கு. கால் பங்கு தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 15 டிகிரி. இதைத் தனியாகச் செய்ய முடியாது. நீங்களே குனிந்து பார்த்தால் இடுப்பும் சாயும், அளவும் கெடும். நேராக நின்றுகொண்டு வீட்டில் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

செல்போன் வீடியோ எடுக்கத்தான். பக்கவாட்டில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. 170 விதியை மீறுகிறோமா என்பது முதுகுப் பக்க வீடியோவில்தான் தெளிவாகத் தெரியும்.

இங்கே நான் எழுதுவது வலக்கைக்காரர்களுக்கு. இடக்கை என்றால் திசைகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிவால்வரோடு உறையும் மேலே வருகிறது

உருவும்போது குழல் வெளியே வராமல் உறை முழுதும் இரண்டு, மூன்று விரல்கடை எழும்பி, அப்புறம் ‘டப்’ என்று விடுகிறது. கிளம்பும் நேரம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். கை நடுங்குவதாக நினைத்துக்கொள்வீர்கள்.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உறையின் கீழே பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள். பெல்ட்டே ஏறினால் பெல்ட் தளர்வு. துப்பாக்கி பெல்ட் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும், அதற்குக் கீழே சரிந்து தொங்கக் கூடாது. பேண்ட்டுக்கு ஒரு பெல்ட் போட்டு, அதன் மேல் இந்தப் பெல்ட்டையும் கட்டினால் அடியில் இருக்கும் பக்கிளும் லூப்புகளும் முட்டிக்கொண்டு நிற்கும், மேல் பெல்ட் உடம்போடு ஒட்டாது. பேண்ட்டுக்கு சஸ்பெண்டர் போட்டுவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் அணிந்தார்கள், பேண்ட்டில் பெல்ட் லூப் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். உடைக்காகச் சொல்லப்படும் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்பு காலியாகக் கிடைப்பதால் வரும் லாபம் உடை அழகைவிடப் பெரியது.

பெல்ட் அசையவில்லை, உறை மட்டும் எழும்புகிறது என்றால் உறையின் லூப்பைப் பாருங்கள். 3 அங்குல பெல்ட்டுக்குத் தைத்த உறையை இரண்டரை அங்குல பெல்ட்டில் கோத்தால் நடுவில் அரை அங்குலம் ஆட்டம் இருக்கும். லூப்புக்குள் ஒரு தோல் பட்டையை மடித்துச் செருகினால் நிற்கும். நிரந்தரமாக வேண்டும் என்றால் சிகாகோ ஸ்க்ரூ (தோலை இரு பக்கமும் பிடிக்கும் தட்டைத் தலைத் திருகு) ஒன்றைப் பெல்ட்டோடு சேர்த்து முடுக்கலாம், ஆனால் இடம் உறுதியாகும் வரை பெல்ட்டில் துளை போடாதீர்கள்.

இரண்டும் சரி என்றால் தோல் புதிது, இறுக்கம் அதிகம். காலி ரிவால்வரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைக்குள் அழுத்தி ஓர் இரவு வையுங்கள். அப்புறம் பையை எடுத்துவிட்டு ஐம்பது முறையாவது உருவி, திரும்ப வையுங்கள். எண்ணெய் ஊற்றி இளக்க வேண்டாம். எண்ணெய் குடித்த தோல் இன்று இளகும், ஆறு மாதத்தில் துவண்டுவிடும், அதன் வாய் மூடிக்கொள்ளும்.

தொடையில் கட்டும் கயிறு? தாழ்ந்து தொங்கும் உறைக்கு அது வேண்டும். உயரமான உறைக்குத் தேவைப்பட்டால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

குழல் பாதியில் மாட்டுகிறது, முழங்கை வானத்துக்குப் போகிறது

முதலில் குழலின் நுனியில், குறி பார்க்க உதவும் முன்காட்சிக் குமிழைப் பாருங்கள். அதன் பின் விளிம்பில் மெல்லிய தோல் சுருள், பென்சில் சீவும்போது வருவது போல, ஒட்டிக்கொண்டிருந்தால் கோளாறு இடத்திலும் இல்லை, சாய்வில் மட்டும் இல்லை. குமிழ் உறையின் உட்சுவரைச் சீவிக்கொண்டு வருகிறது. நல்ல உறையில் குமிழ் போக ஒரு வாய்க்கால் இருக்கும். அது இல்லாவிட்டாலும், நேர் மேலே இழுக்காமல் சற்றுப் பின்னால் இழுக்கும் பழக்கம் இருந்தாலும் இப்படி ஆகும். உறையின் சாய்வும் கை இழுக்கும் திசையும் ஒரே கோட்டில் இருந்தால் சுருள் வராது. வீடியோவில் பார்த்தால் அந்தக் கோணல் நன்றாகத் தெரியும்.

சுருள் இல்லை, ஆனால் முழங்கை ஏறுகிறது என்றால் உயரக் கணக்கு. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி வகையில் 4¾, 5½, 7½ அங்குலக் குழல்கள் கிடைக்கின்றன. சின்னதுக்கும் பெரியதுக்கும் வித்தியாசம் 2¾ அங்குலம், சுமார் 7 செ.மீ. உறையைவிட்டு வெளியே வர உங்கள் கை அவ்வளவு கூடுதலாக மேலே போக வேண்டும். ஒருவருடைய உயரமான உறையைப் பார்த்து ஆசைப்பட்டு அதே உயரத்தில் 7½ அங்குலக் குழலை வைத்தால் தோள் தூக்கித்தான் ஆக வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவு இது: கையைத் தளர்வாகத் தொங்க விட்டால் ரிவால்வரின் பிடி, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். குழல் நீளம் என்றால் மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் இறங்கலாம். மணிக்கட்டுக்கும் கீழே போனால் எடுக்கும்போது தோள் சாயும், திரும்ப வைக்கும்போது உடம்பே குனியும்.

சினிமாவில் வரும் தாழ்ந்த உறையைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்ட்டிலேயே பட்டை இறக்கி, அதில் வெட்டிய துளையில் உறையைத் தொங்கவிடும் பஸ்கடேரோ அமைப்பு 20ஆம் நூற்றாண்டில் வந்தது, ஹாலிவுட் அதைப் பரப்பியது. 1870, 80களின் மெக்சிகன் லூப் உறைகள் பெல்ட்டோடு ஒட்டி உயரத்தில்தான் இருந்தன. பின்பக்கத் தோலை மடித்து, அதில் கீறிய வளையத்துக்குள் உறையையே நுழைத்து நிறுத்தும் எளிய அமைப்பு அது. குதிரை மேல் உட்கார்ந்தாலும் உறுத்தாது, நிலத்தில் ஓடினாலும் ஆடாது. இந்தப் போட்டிக்கும் அதுதான் எனக்குப் பிடித்தது.

கிராஸ் டிராவில் 170 எச்சரிக்கை கிடைக்கிறது

இதுதான் இந்த விளையாட்டில் உறையால் வரும் பெரிய தொல்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தவறவிட்ட ஒவ்வொரு இலக்குக்கும் 5 வினாடி கூடும், அவ்வளவுதான். 170 மீறினால் அந்த ஸ்டேஜே (போட்டியின் ஒரு சுற்று) போய்விடும். அதைவிட, நீங்கள் மீறும் திசையில் நிற்பவர்கள் உங்கள் நண்பர்கள்.

கிராஸ் டிரா உறை என்பது எடுக்கும் கைக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்க முன்னிடுப்பில் இருப்பது. பிடி வலக்கையை நோக்கி, குழல் இடப்பக்கம் கீழாக. நீங்கள் இலக்கைப் பார்த்து நேராக நின்று உருவினால் குழல்முனை இடப்பக்கமாக வெளியேறி, அரைவட்டம் போட்டுத்தான் இலக்குக்கு வரும். சாய்வு கூடக்கூட அந்த வட்டம் பெரிதாகும். அதற்கு மருந்து உடம்பைத் திருப்புவது. வலக்காலை ஓரடி பின்னால் எடுங்கள். இடப்பக்க இடுப்பு இலக்கைப் பார்க்கும். இப்போது உருவினால் குழல் வெளியே வரும்போதே இலக்குப் பக்கம் இருக்கிறது. சுட்டு முடித்துத் திரும்ப வைக்கும்போதும் அதே நிலைக்கு வந்துதான் வைக்க வேண்டும்.

எச்சரிக்கை எப்போது கிடைக்கிறது என்று டைமர் பிடிப்பவரிடம் கேளுங்கள், எடுக்கும்போதா, வைக்கும்போதா? நான் பார்த்தவரை வைக்கும்போதுதான் அதிகம். கடைசிக் குண்டு போனதும் மனம் அடுத்த துப்பாக்கிக்கு ஓடிவிடுகிறது, கால் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, கை மட்டும் இன்னும் உறையைத் தேடிக்கொண்டிருக்கிறது. ரிவால்வர் உறைக்குள் இறங்கி, கை பிடியை விட்ட பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இதற்குச் சாய்வை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

ஓடும் திசையும் முக்கியம். ஸ்டேஜில் இடமிருந்து வலமாகப் போக வேண்டி இருந்தால் உங்கள் இடப்பக்கம் தானாகவே இலக்கைப் பார்க்கும், கிராஸ் டிராவுக்கு அது சாதகம். வலமிருந்து இடமாகப் போகும்போது அதே இடப்பக்கம் பின்னால் நிற்கும் மக்களைப் பார்க்கும். அந்தத் திசையில் காலடி எடுத்துவைக்கும் முன்பே கிராஸ் டிரா ரிவால்வர் உறைக்குள் போயிருக்க வேண்டும். எந்த ரிவால்வரை முதலில் எடுப்பது என்ற தேர்வு உங்களிடம் விடப்பட்டால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எடுக்கும்போதே எச்சரிக்கை வருகிறது, காலும் சரியாகத்தான் வைக்கிறேன் என்றால் இப்போது இடத்துக்கு வருவோம். பெரும்பாலும் உறை ரொம்பப் பக்கவாட்டில், இடுப்பெலும்புக்கு மேலேயே இருக்கும். வலக்கை வயிற்றைத் தாண்டிப் போய் எட்டிப் பிடிக்கும், எட்டும்போது தோளும் கூடவே இடப்பக்கம் திரும்பும், எல்லாம் தப்பான திசை. உறையை முன்னால் நகர்த்துங்கள். எவ்வளவு? தொப்புளை நடுவாக வைத்து இரண்டு கைமுட்டியையும் அருகருகே பெல்ட்டில் வையுங்கள். உறை அதற்கு வெளியே இருக்க வேண்டும், அதுதான் எல்லை. என் இரண்டு முட்டியும் சேர்ந்து 18 செ.மீ. வருகிறது, அதற்கு ஒரு விரல்கடை வெளியே வைத்திருக்கிறேன். மயிரிழையில் வைத்தால் பெல்ட் சற்று நகர்ந்தாலே விதி மீறலாகிவிடும்.

முன்னால் நகர்த்தியதும் சாய்வைக் குறையுங்கள். பக்கவாட்டில் இருந்தபோது எட்டிப் பிடிக்க 25, 30 டிகிரி தேவைப்பட்டிருக்கும். முன்னால் வந்த பிறகு 10 டிகிரியே போதும். உறை கிட்டத்தட்ட நேராக நிற்கும்போது குழல்முனை இடப்பக்கம் நிற்பவரைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறது. என் கருத்தில் கிராஸ் டிராவுக்கு 30 டிகிரி என்பது சட்டம் அனுமதிக்கும் எல்லை, போய்ச் சேர வேண்டிய ஊர் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் எச்சரிக்கை நிற்கவில்லையா? கிராஸ் டிராவை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் நேர் உறை (அந்தந்தப் பக்கக் கையாலேயே எடுப்பது) போட்டு, இடப்பக்க ரிவால்வரை இடக்கையால் எடுத்து வலக்கைக்கு மாற்றிச் சுடலாம். கை மாற்றும் இடத்தில் தவறவிடும் ஆபத்து உண்டு, அதனால் மாதக்கணக்கில் காலித் துப்பாக்கியோடு பழக வேண்டும். முழங்கால் வலி, முதுகு வலி உள்ளவர்களுக்குக் காலைத் திருப்பும் அந்த நடனத்தைவிட இது எளிது. இரண்டு கையிலும் ஒவ்வொரு ரிவால்வர் ஏந்திச் சுடும் கன்ஃபைட்டர் பிரிவுக்குப் போகிறவர்களும் இப்படித்தான் இருபுறமும் நேர் உறை வைப்பார்கள்.

வலப்பக்க நேர் உறையிலும் முனை பின்னால் போகிறது

கிராஸ் டிராவை மட்டுமே எல்லோரும் சந்தேகப்படுவார்கள், இதைக் கவனிக்க மாட்டார்கள். பிடி முன்னால் சாய்ந்து, குழல்முனை பின்னால் போகும் சாய்வு, சட்டைக்குள் மறைத்து அணியும் உறைகளில் சகஜம். அந்த உறையையோ அந்தப் பழக்கத்தையோ இங்கே கொண்டுவந்தால், குழல் வெளியே வரும் கணத்தில் முனை உங்கள் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தரையைப் பார்க்கும்.

இதற்குச் சாய்வுதான் நேரடி மருந்து. நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உறையின் அடிமுனை நூலுக்குப் பின்னால் இருந்தால் நூலோடு சேர்த்து நேராக்குங்கள், அல்லது 5 முதல் 10 டிகிரி வரை முன்னால் கொண்டுவாருங்கள். முனை சற்று முன்னால் பார்க்கும் உறையில் ரிவால்வர் வெளியே வரும்போதே இலக்கின் பாதையில் இருக்கிறது. மெக்சிகன் லூப் உறை என்றால் பெல்ட் நுழையும் மடிப்பில், பின் பாதியில் மட்டும் ஒரு சின்னத் தோல் துண்டை வைத்து அழுத்தினால் பெல்ட்டின் மேல் உறை சற்றுத் திரும்பி நிற்கும். துண்டை முன் பாதியில் வைத்தால் மறுபக்கம் திரும்பும். எது உங்கள் உறைக்குப் பொருந்துகிறது என்று வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தைப்பு உறைக்கு உறை மாறும்.

முன்சாய்வும் அளவுக்கு மிஞ்ச வேண்டாம். 20 டிகிரிக்கு மேல் போனால் திரும்ப வைக்கும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கும். எடுக்கும்போது கிடைத்ததை வைக்கும்போது இழப்பீர்கள்.

பிடி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கிடைக்கிறது

முதல் குண்டு சரி, இரண்டாவதுக்குள் கை பிடியைத் திருத்திக்கொள்கிறது. ஐந்து குண்டு சுடுவதற்குள் இரண்டு தடவை பிடி மாறுகிறது.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தோளைத் தளர விடுங்கள். கையை உயர்த்தி, டைமரின் பீப் சத்தம் கேட்ட மாதிரி பிடியைப் பற்றுங்கள், ஆனால் உருவாதீர்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு பிடியின் முதுகில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? பத்து முறை செய்யுங்கள். பத்திலும் ஒரே இடத்தில் தவறினால் மகிழ்ச்சி, அது உறையின் இடம், சரிசெய்துவிடலாம். பத்தும் பத்து இடத்தில் என்றால் பழக்கம்தான் மருந்து.

விரல் நுனி மட்டும் எட்டி, உள்ளங்கை பின்னால் காற்றில் நின்றால் உறை ரொம்ப முன்னால் இருக்கிறது. கை போய் சிலிண்டரில் முட்டினால் ரொம்பப் பின்னால். சுண்டுவிரல் பிடியைத் தாண்டிக் கீழே போய் பெல்ட்டில் உரசினால் உறையை இறக்கவும் யோசிக்கலாம். சுண்டுவிரல் பிடிக்கு அடியில் மடங்கி நிற்பது மட்டும் குறையே இல்லை, சிங்கிள் ஆக்‌ஷன் பிடியில் பலருக்கு அப்படித்தான் வரும்.

சில பேருக்கு இடமும் உயரமும் சரியாக இருந்தும் விரல்கள் பிடியைச் சுற்றி நுழைவதில்லை. பெல்ட்டில் அந்த இடத்தில் தோட்டா வளையங்கள் இருக்கிறதா பாருங்கள். நடுவிரல் எலும்பு தோட்டாவின் முனையில் இடிக்கும். வளையம் முதுகுப் பக்கம் மட்டும் இருக்கும் பெல்ட் இதற்காகத்தான்.

திரும்ப வைக்கும்போது உறையின் வாயைத் தேட வேண்டியிருக்கிறது

பார்க்காமல் வைப்பது திறமை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நான் பார்த்துத்தான் வைக்கிறேன், புதியவர்களுக்கும் அதையே சொல்கிறேன். சுட்டு முடித்த ரிவால்வர் கீழே விழுந்தால் ஸ்டேஜ் போகும். தோட்டா உள்ள ரிவால்வர் விழுந்தால் போட்டியை விட்டே வெளியேற வேண்டும். பார்க்க ஆகும் நேரம் கண் இமைப்பதுதான்.

பார்த்தும் உள்ளே போகவில்லை என்றால், காலி உறையின் வாயைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். சுலபமாக ஒட்டிக்கொண்டால் தோல் துவண்டுவிட்டது. இது ஒன்றில்தான் நான் நேராக உறையை மாற்றச் சொல்வேன். தோலின் கனத்தை அமெரிக்காவில் அவுன்ஸில் சொல்வார்கள், ஓர் அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. 8 முதல் 10 அவுன்ஸ் தாவரப் பதத் தோல் (தாவரச் சாற்றில் பதனிட்டது), அதாவது 3 மி.மீ.க்கு மேல் 4 மி.மீ. வரை, உட்புறம் இன்னொரு தோல் வைத்துத் தைத்தது என்றால் வாய் மூடாது.

வாய் திறந்தே இருக்கிறது, ஆனால் குழல்முனை விளிம்பில் மோதுகிறது என்றால் உயரம் தவறு. உறை உயரமாக இருந்தால் முனை வாயின் வெளி விளிம்பில் தட்டும்.

குனிந்தால் வழுக்குகிறது, உட்கார்ந்தால் மேலே தள்ளுகிறது

குனியும்போது இடுப்பு முன்னால் சாயும், அதோடு உறையின் அடியும் பின்னால் தூக்கிக்கொள்ளும். ஏற்கெனவே முனை பின்னால் போகும் சாய்வில் இருந்தால் உறை படுத்தேவிடும், ரிவால்வர் நழுவும். முனை முன்னால் பார்க்கும் உறை குனியும்போது நேராகிறது, பிடித்துக்கொள்கிறது. ஆகவே நழுவல் தொல்லைக்கும் முதலில் சாய்வைப் பாருங்கள், அப்புறம் இறுக்கத்தை. காலி ரிவால்வரோடு மெத்தை மேல் குனிந்து சோதியுங்கள், விழுந்தாலும் சேதமில்லை. ஹேமர் (ரிவால்வரின் பின்புறச் சுத்தி) மேல் மாட்டும் தோல் வளையத்தை நம்பி இருக்காதீர்கள். சுடும் இடத்தில் அதைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பீர்கள், கழற்ற மறந்தவர்கள் பீப் சத்தத்துக்குப் பிறகு தவிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்தபடி தொடங்கும் ஸ்டேஜ்கள் அடிக்கடி வரும். நாற்காலியில் உட்கார்ந்ததும் உறையின் அடி இருக்கையில் இடித்து ரிவால்வரை மேலே தள்ளுகிறதா என்று வீட்டு நாற்காலியிலேயே பார்த்துவிடலாம். தள்ளினால் உறையை ஓரிரு விரல்கடை முன்னால் நகர்த்துங்கள், தொடைக்கு மேலே வரட்டும்.

ஷாட்கன் தோட்டா எடுக்கும்போது பிடியில் கை இடிக்கிறது

ஷாட்கன் தோட்டா பெல்ட்டைத் துப்பாக்கி பெல்ட்டுக்கு மேலே தனியாகக் கட்டுவது வழக்கம். இரண்டு இரண்டாக உருவி இரட்டைக் குழலில் போடும்போது கை முன்வயிற்றிலேயே வேலை செய்கிறது. கிராஸ் டிராவை முன்னால் நகர்த்தச் சொன்னேன் அல்லவா, அதனால் இந்த மோதல் வரலாம். உறையைத் திரும்பப் பின்னால் தள்ளாதீர்கள். தோட்டா பெல்ட்டை நகர்த்துங்கள், அல்லது தோட்டாக்களை உறைக்கு மேலே இல்லாத வளையங்களில் மட்டும் நிரப்புங்கள். தோட்டா எங்கே இருந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை, குழல்முனை அப்படி இல்லை.

வயிறு இடிக்கிறது, அகன்ற இடுப்பு பிடியை விலாவில் குத்துகிறது

வயிறு முன்னால் இருப்பவர்களுக்கு முன்பக்கக் கிராஸ் டிராவில் பிடி வயிற்றில் அழுந்தும், விரல் நுழையாது. இங்கே இரண்டு கைமுட்டியைத் தாண்டி இன்னும் இரண்டு விரல்கடை வெளியே போய், சாய்வை 15 டிகிரி வரை கூட்டலாம். காலைத் திருப்புவதும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

அகன்ற இடுப்பில், குறிப்பாகப் பெண்களுக்கு, நேர்ப்பட்டையான பெல்ட் கட்டினால் மேல் விளிம்பு தள்ளி நிற்கும், உறையின் அடி வெளியே போகும், பிடி விலாவில் குத்தும். சாய்வை எப்படி மாற்றினாலும் இது தீராது, ஏனென்றால் கோணல் முன்பின்னாக இல்லை, உள்வெளியாக இருக்கிறது. வளைத்து வெட்டிய பெல்ட் வாங்க வேண்டும். அல்லது உறையைச் சற்று இறக்கித் தொங்கவிட்டு, பிடியை இடுப்பு வளைவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தாழ்ந்த உறையை நான் மனதாரப் பரிந்துரைக்கும் ஒரே இடம் இதுதான்.

காலையில் சரியாக இருந்தது, மதியம் கை தவறுகிறது

டெக்சாஸ் வெயிலில் ஐந்தாறு ஸ்டேஜ் முடிவதற்குள் பெல்ட்டின் உட்புறம் வியர்வையில் ஊறி, உறை ஒரு விரல்கடை பின்னால் போயிருக்கும். இரண்டு ரிவால்வரின் கனமும் சேர்ந்து இழுப்பதால் பெல்ட் முழுதுமே ஒரு பக்கம் சுற்றியிருக்கும். பக்கிள் தொப்புளுக்கு நேராக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் முன், தோட்டா நிரப்பும் மேசைக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மேசைக்குப் போன பிறகு பெல்ட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இடம் உறுதியானதும் பெல்ட்டின் உட்புறத்தில், உறையின் இரண்டு விளிம்பு நிற்கும் இடத்திலும் பந்துமுனைப் பேனாவால் ஒவ்வொரு கோடு போடுங்கள். பக்கத்தில் எந்தத் துளையில் கட்டினீர்கள் என்றும் எழுதுங்கள். குளிர்காலத்தில் கனமான மேலாடைக்கு மேல் கட்டும்போதோ உடம்பு எடை மாறும்போதோ துளை மாறும், துளை மாறினால் தொப்புளிலிருந்து உறை இருக்கும் தூரமும் மாறும். அன்று நூலையும் நட்டையும் திரும்ப எடுத்து, கைமுட்டி இடைவெளியைப் பார்த்து, புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் பெல்ட்டில் இப்போது நாலு ஜோடிக் கோடு இருக்கிறது.